பச்சை வரிகள்

உங்கள் மேசை ரொம்பச் சுத்தமாக இருக்கிறது, டாக்டர். தாள்கள் எல்லாம் ஓரம் சேர்ந்து நிற்கின்றன, பேனாக்கள் ஒரே பக்கம் பார்த்துப் படுத்திருக்கின்றன. இப்படி வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்கும். எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கத் தெரிந்தவரிடம் எதையும் நம்பிச் சொல்லலாம்.

தங்கையை வெளியே உட்காரவைத்துவிட்டு என்னை மட்டும் கூப்பிட்டீர்கள். உங்கள் சோதனைகள் எல்லாவற்றிலும் தேறிவிட்டாள், நினைவில் ஒரு கோளாறும் இல்லை, பிறகு வீட்டில் மட்டும் ஏன் எல்லாவற்றையும் மறக்கிறாள் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நீங்கள் கேட்காவிட்டாலும் நானே சொல்லியிருப்பேன். மழையும் விட்டபாடில்லை, அவசரமாகக் கிளம்ப வேண்டியதில்லை. கொஞ்சம் முன்னாலிருந்து வருகிறேன்.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் டேப்பு என்று பெயர். டேப் ரெக்கார்டர் மாதிரி, ஒருமுறை காதில் விழுந்ததை வரி பிசகாமல் திருப்பிச் சொல்வாள். யாராவது வந்தால் அப்பா அவளைக் கூடத்தில் நிறுத்தி, காலையில் வானொலியில் கேட்ட செய்தியை ஒப்பிக்கச் சொல்வார். வந்தவர்கள் வாயைப் பிளப்பார்கள். நான் காலிக் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போவேன். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. யாராவது பொறுக்கத்தானே வேண்டும்.

ஆராய்ச்சிப் படிப்பில் முதலில் சேர்ந்தது நான். இது நிறையப் பேருக்குத் தெரியாது. சேர்ந்த மறு வருடமே அம்மா படுத்த படுக்கையானாள். இரண்டு பெண்களில் ஒருத்தி வீட்டோடு இருக்க வேண்டும் என்றானபோது அப்பா யோசிக்கக்கூட இல்லை. "நீதான் பொறுப்பான பொண்ணு, நீ பாத்துப்பே" என்றார். பார்த்துக்கொண்டேன். அம்மா போய், அப்பாவும் போன பிறகு ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கணினியில் கட்டுரைகளை வகை பிரித்து அடுக்குவது. அதற்குள் அவள் ஆராய்ச்சியில் சேர்ந்திருந்தாள். குடிநீர்க் குழாய்களின் உள்சுவரில் படிகிற வழவழப்புதான் அவளுடைய பொருள். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிக்கொண்டு படலமாக வளருமாம். வெளியிலிருந்து பார்த்தால் குழாய் பளபளவென்றுதான் இருக்குமாம்.

அவளுக்கு மூளை உண்டு, அடுக்கத் தெரியாது. இறக்கிய கட்டுரைகள் கணினித் திரை முழுக்கக் குப்பையாகக் கிடக்கும். ஒரே கட்டுரை மூன்று பெயரில் இருக்கும், வேண்டும்போது ஒன்றும் அகப்படாது. "அக்கா, நீ வந்து பாரேன், எனக்குத் தலை சுத்துது" என்றாள். மேற்கோள் மென்பொருளை நான்தான் போட்டுக் கொடுத்தேன். கட்டுரையை இழுத்து அதற்குள் விட்டால் ஆசிரியர் பெயர், ஆண்டு, இதழ் எல்லாம் தானாக நிரம்பும். எழுதும்போது ஒரு சொடுக்கில் மேற்கோள் வந்து உட்காரும், கடைசியில் நூற்பட்டியலும் தானே வந்துவிடும். ஆனால் தானாக நிரம்புவதை நம்பினால் மானம் போய்விடும், டாக்டர். ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் அச்சகத்தின் பெயர் வந்து நிற்கும். ஒவ்வொன்றாகத் திறந்து திருத்தினேன், இரட்டைகளை ஒன்றாக்கினேன், குறிச்சொல் போட்டேன். எங்கள் வீட்டுக் கணினியிலும் அவளுடைய ஆய்வகக் கணினியிலும் ஒரே தொகுப்பு. இங்கே தொட்டால் அங்கே மாறும்.

நிறங்களும் என் ஏற்பாடுதான். ஒவ்வொரு கட்டுரைக்கும் பக்கத்தில் குறிப்பு எழுத இடம் உண்டு. அதில் மஞ்சள் பூசியிருந்தால் அது கட்டுரையாளர் எழுதிய வாக்கியம், அப்படியே எடுத்தது. பச்சை பூசியிருந்தால் படித்தபோது அவளுக்குத் தோன்றியது, அவளுடைய சொந்தச் சொல். மஞ்சளை எடுத்தால் மேற்கோள் குறி போட்டு, எழுதியவர் பெயரும் போட வேண்டும். பச்சையை அள்ளி அப்படியே ஆய்வேட்டில் வைத்துக்கொள்ளலாம். அவளுடைய ஆய்வகத்தில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டு அப்படியே பிடித்துக்கொண்டார்கள். டேப்புவின் நிறங்கள் என்று பெயர்கூட வைத்தார்களாம். வந்து சொல்லிச் சிரித்தாள்.

வருடக்கணக்கில் அப்படி ஓடியது. சாயங்காலம் அவள் படித்ததைச் சொல்வாள், நான் அடுக்குவேன். என் வாழ்க்கையில் நான் நிறைவாக இருந்தது அப்போதுதான். பிறகு ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னாள், ஆய்வேடு முடிந்ததும் வேறு ஊரில் வேலை தயாராக இருக்கிறதாம். "நீயும் லீவுக்கு வந்து தங்கலாம்க்கா" என்றாள். லீவுக்கு.

அந்த வாரமே நன்றியுரையைக் காட்டினாள். நெறியாளருக்கு ஒரு பத்தி. ஆய்வக நண்பர்களுக்கு ஒரு பத்தி. பூனைக்குக்கூட ஒரு வரி இருந்தது. கடைசியில், 'கோப்புகளை அடுக்கித் தந்த அக்காவுக்கும்' என்றிருந்தது. அதில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, திருத்திக் கொடுத்தேன். அதனால்தான் செய்தேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், டாக்டர். அவ்வளவு அற்பமானவள் இல்லை நான். அவளுக்கு வெளியூரில் தனியாக இருக்க வராது. பால் பொங்கி வழிந்தால் அடுப்பை அணைக்காமல் ஆராய்ச்சி செய்துகொண்டிருப்பவள். தடுத்து நிறுத்த வீட்டில் வேறு பெரியவர்கள் இல்லை.

அவள் ஆய்வகம் போன பிறகு, நிதானமாக, சில மஞ்சள் வரிகளைப் பச்சையாக்கினேன். எல்லாவற்றையும் தொடவில்லை. பழைய இதழ்களைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றியிருக்கிறார்களே, அந்தக் கட்டுரைகளில் மட்டும். திருட்டு எழுத்தைக் கண்டுபிடிக்கிற மென்பொருளுக்கு எழுத்தைத்தான் தெரியும், படத்தைப் படிக்காது. அதிலும், அவளுடைய ஆய்வேட்டை மதிப்பிட வரப்போகிற பெரியவர் இளவயதில் எழுதியவையாகப் பார்த்து எடுத்தேன். அவர்தான் வருவார் என்று நெறியாளர் சொன்னதை அவளே என்னிடம் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

ஒரே ஒருமுறை சந்தேகப்பட்டாள்.

"அக்கா, இந்த வரி நான் எழுதினதா? எங்கேயோ படிச்ச மாதிரியே இருக்கு."

"என்ன நிறத்துல இருக்கு?"

"பச்சைதான்."

"அப்புறம் என்னடி? படிச்சுப் படிச்சு உனக்கு எல்லாமே படிச்ச மாதிரிதான் தோணும். போய் வேலையைப் பாரு."

அந்த வரியை இன்னொரு தரம் வாய்விட்டுப் படித்தாள். பிறகு, "உன் அடுக்கு தப்பாது" என்று சொல்லிவிட்டு எழுதப் போனாள். ஊரே மெச்சிய நினைவைத் தள்ளிவிட்டு, நான் பூசிய நிறத்தை நம்பினாள். அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று சொன்னால் தப்பாக நினைக்காதீர்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு நானும் போயிருந்தேன். கடைசி வரிசையில், எல்லோருக்கும் கொடுக்க வாங்கிய இனிப்புப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றாகத்தான் பேசினாள். அவள் முடித்ததும் அந்தப் பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஆய்வேட்டின் ஒரு பத்தியைச் சத்தமாகப் படித்தார்.

"இது உங்க சொந்தக் கருத்தாம்மா?"

"ஆமா சார்."

அவர் ஆய்வேட்டை மூடிவிட்டு, அதில் இல்லாத அடுத்த இரண்டு வரிகளைத் தானாகச் சொன்னார். "இதுதான் அதுக்கு அப்புறம் வரும். விட்டுட்டீங்க. நான் கல்யாணம்கூட ஆகாத காலத்துல எழுதினதும்மா இது, எனக்கு மறக்கல."

அவள் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தாள். என்னைத்தான் பார்த்தாள், சின்னப் பிள்ளையில் விழுந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டால் பார்ப்பாளே, அதே மாதிரி. நான் தலையை ஆட்டித் தைரியம் சொன்னேன். அறையில் அவளுக்கென்று இருந்தது நான் ஒருத்திதான்.

பட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. வெளியூர் வேலையும் போயிற்று. இனிப்பைக் கொட்ட மனசு வரவில்லை, அந்த வாரம் முழுக்க நானே தின்று தீர்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் கணினியைத் திறந்தாள். "பச்சைக்கா. பச்சையாத்தான் இருந்துச்சு. நீயே பாரு" என்றாள். பார்த்தோம். எல்லாம் மஞ்சளாக இருந்தன. ஆய்வேட்டைக் கொடுத்த மறுநாளே நான் பழையபடி மாற்றிவிட்டேன், எதையும் எடுத்த இடத்தில் வைத்துத்தான் எனக்குப் பழக்கம். அவள் ஒவ்வொரு குறிப்பாகத் திறந்தாள். மஞ்சள், மஞ்சள், மஞ்சள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா" என்றாள்.

அங்கேயே சொல்லியிருக்கலாம். எனக்கும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் என் கையை அப்படிப் பிடித்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

மற்றதெல்லாம் சில்லறை வேலை. மூக்குக் கண்ணாடியை அலமாரியில் வைத்திருப்பாள், நான் அதை அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் வைப்பேன். சாவியை இடம் மாற்றுவேன். அணைத்த அடுப்பை எரியவிட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டுக் காட்டுவேன். ஒருநாளும் திட்டியதில்லை. "பரவாயில்லடி, நான் இருக்கேன்ல" என்பேன். இப்போது அவள் தனியாகக் கடைக்குக்கூடப் போவதில்லை. போன் பேசினாலும், முடித்ததும் என்ன பேசினேன் என்று என்னிடம் ஒப்பித்துச் சரிபார்த்துக்கொள்கிறாள். நன்றாகத்தான் இருந்தோம், டாக்டர். சாயங்காலங்கள் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தன.

போன மாதம் அந்த நெறியாளர் வீட்டுக்கே வந்துவிட்டார். பிடிவாதமான பெண்மணி. "இவ திருடற பொண்ணு இல்லம்மா, எங்கேயோ ஏதோ குளறுபடி நடந்திருக்கு" என்று என்னிடமே சொன்னார். பல்கலைக்கழகத்தில் பேசி, திருத்தி எழுதிக் கொடுக்க ஒரு வாய்ப்பு வாங்கியிருக்கிறாராம். அவர் போன பிறகு இவள் முகத்தில் ஒரு களை. "முதல்லேருந்து எழுதிப் பாக்கட்டுமாக்கா? இந்தத் தடவை நிறம் எதுவும் வேண்டாம், ஒவ்வொண்ணையும் நானே மூலத்தோட வெச்சுப் பாத்துக்கறேன்" என்றாள். நிறம் வேண்டாமாம். என் முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

அதனால்தான் உங்களிடம் அழைத்துவந்தேன். மூளை நன்றாக இருக்கிற பெண்ணை ஏன் கூட்டிவந்தாய் என்று கேட்கமாட்டீர்கள் என நினைக்கிறேன், இதற்குள் உங்களுக்கே புரிந்திருக்கும். எனக்கு வேண்டியது ஒரே ஒரு சான்றிதழ். நினைவு நம்பும்படியாக இல்லை, படிப்பு ஏற்றதல்ல, வீட்டில் கூடவே ஒருவர் இருக்க வேண்டும். அவ்வளவுதான். நெறியாளர் வாயடைத்துப் போவார், இவளும் நிம்மதியாக இருப்பாள். மாத்திரை எதுவும் எழுத வேண்டாம். நல்ல மூளை, கெட்டுவிடும்.

நீங்கள் ஏன் இன்னும் பேனாவை எடுக்கவில்லை என்று தெரியவில்லை. போனை எதற்கு எடுக்கிறீர்கள், டாக்டர்? நான் எதையும் மறைக்கவில்லையே. நிறத்தை மாற்றினேன், நிறத்தைத் திரும்ப வைத்தேன், என் தங்கைக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று அவளையே நம்பவைத்தேன். எல்லாம் நான்தான், ஒப்புக்கொள்கிறேன். இவ்வளவு பாடுபட்டு ஒருத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள யாருக்கு மனசு வரும், சொல்லுங்கள்.

அவளை உள்ளே கூப்பிடப் போகிறீர்கள் என்றால் கொஞ்சம் பொறுங்கள். வெளியே நாற்காலிக்கு அடியிலெல்லாம் குனிந்து குடையைத் தேடிக்கொண்டிருப்பாள், பாவம். அது என் பைக்குள் இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும்போது நான்தான் கண்டுபிடித்துக் கொடுப்பேன். அவள் தொலைப்பதையெல்லாம் வேறு யார் கண்டுபிடித்துக் கொடுக்கிறார்கள்?