எங்கள் மதகில் எடுத்த எபிசோடு

மழையில் வெளிப்புறப் படப்பிடிப்பு நடத்துவது சிரமமான வேலை. அதை நேரில் பார்த்தவன் என்பதால், அந்த எபிசோடைப் பற்றி ஊரார் சொன்ன குறைகளில் பாதியை நான் ஒப்புக்கொள்ளவில்லை. அந்த டிவி துப்பறியும் தொடரின் நாயகர் இன்ஸ்பெக்டர் ஹெப்பிள் கறிக்கடை முனையில் திரும்புகிறார், அடுத்த நொடியே வேறொரு ஊர்த் தேவாலயத்தின் வாசலில் நிற்கிறார் என்று கறிக்கடை டெனிஸ் புலம்பித் தீர்த்தார். நாடகம் என்றால் அப்படித்தான். வழி தெரிய வேண்டுமானால் வரைபடத்தைப் பார்க்கலாம்.

நீங்கள் கேட்டது அதுவல்ல, சார்ஜென்ட் ஒகாஃபர். ஃபேஸ்புக்கில் எங்கள் ஊரின் பக்கத்தில் அந்தக் கருத்தை ஏன் எழுதினேன் என்று கேட்டீர்கள். ஒரு பெண்ணுக்கு ஆறுதல் சொல்லத்தான் எழுதினேன். அது உங்களுக்குப் புரிய வேண்டுமானால் கொஞ்சம் முன்னாலிருந்து வர வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் மரவேலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, எங்கள் ஊர்க் கால்வாயின் மதகில் தொண்டராக நின்றேன். படகுகள் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறுகிற இடம் அது. இரண்டு முனையிலும் கதவு, நடுவில் ஆழமான செங்கல் தொட்டி. படகு உள்ளே வந்ததும் கீழ்க்கதவைச் சாத்திவிட்டு, மேல்கதவின் அடியிலிருக்கும் பலகைகளைத் திருகித் தூக்கினால் தண்ணீர் பாய்ந்து தொட்டியை நிரப்பும். படகும் கூடவே உயரும். கோடையில் வாடகைப் படகுகளில் குடும்பம் குடும்பமாக வருவார்கள். அவர்களுக்கெல்லாம் பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பேன். என்னைப் பற்றி யாரும் குறை சொன்னதில்லை.

போன செப்டம்பரில் படக்குழு வந்தது. கதையில் ஒரு பெண் எங்கள் மதகுத் தொட்டியில் பிணமாகக் கிடக்க வேண்டும். உடல் எந்தப் பக்கம் ஒதுங்கும், கதவு திறக்கும்போது எங்கே இழுத்துப் போகும் என்றெல்லாம் என்னிடம் கேட்டார்கள். டான்யா என்ற இளம்பெண்தான் இயக்குநர். நான் சொன்னதை மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டாள். அப்போது என் மனைவி வெரிட்டி எனக்குப் பிளாஸ்கில் தேநீர் கொண்டுவந்தாள்.

"அந்த நீலக் கோட்டு அம்மா யாரு?" என்றாள் டான்யா. "முகம் ரொம்ப நல்லா இருக்கே. நாய் ஏதாவது வளர்க்கறீங்களா, மேடம்?"

எங்களுக்கு நாய் கிடையாது. வெரிட்டியின் தோழி மேவிஸ் தன்னுடையதைக் கொடுத்தாள். வெரிட்டி நாயோடு நடந்து வந்து, ஹெப்பிளைப் பார்த்து, "இன்னிக்குத் தண்ணி என்னமோ நாறுது, இன்ஸ்பெக்டர்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். முதல் தடவையிலேயே சரியாகச் சொன்னாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மால்கம், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. உங்க மஞ்சள் சட்டை கேமராவுல விழுது," என்றாள் டான்யா.

அதில் எனக்கு வருத்தமில்லை. தொண்டர்களின் சட்டை உண்மையிலேயே பளிச்சென்று இருக்கும்.

அதற்குப் பிறகுதான் வெரிட்டி மாறினாள். பப்புக்குப் போனால், "ஏய், நட்சத்திரம் வருதுப்பா, நாற்காலிய இழுத்துப் போடு" என்பார் முதலாளி கென். அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை நான் வீட்டில் கேட்டதில்லை. எங்கள் வீடு அமைதியான வீடு. எங்கே போகிறாள், எப்போது திரும்புவாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். கைபேசியை மேசைமேல் வைத்துவிடுவாள். வேண்டும்போது நான் பார்த்துக்கொள்வேன். மேவிஸ் இதைக் கட்டுப்பாடு என்று உங்களிடம் சொல்லியிருப்பாள். இது ஏற்பாடு. கல்யாணமான புதிதிலேயே பேசி முடிவு செய்தது. பேசியது நான்தான், ஆனால் அவள் மறுக்கவில்லை.

அக்டோபரில் அவள் கைபேசிக்குப் பூட்டு போட்டாள். நான் ஏன் என்று கேட்கவில்லை. கவனிக்க ஆரம்பித்தேன், அவ்வளவுதான். சந்தேகப்பட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள், கவனித்தேன். முதலில் அவளுடைய குளிர்காலக் கோட்டு அலமாரியில் இல்லை. பிறகு நல்ல பெட்டி இல்லை. பிறகு அவள் அம்மாவின் பீங்கான் கோப்பைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. மேவிஸின் கார் நான் மதகில் இருக்கும் பொழுதுகளில் எங்கள் தெருவில் நின்றதாகப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். வெரிட்டி வாயைத் திறந்து சொல்லட்டும் என்று காத்திருந்தேன். சாப்பாட்டு மேசையில் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். "என்ன, மால்கம்?" என்பாள். "ஒன்றுமில்லை" என்பேன்.

நவம்பரில் ஒரு பிற்பகல் அவள் இறந்தாள். உங்கள் ஆட்களிடம் அன்று நான் கொடுத்த வாக்குமூலம் உங்கள் கையில் இருக்கிறது. தொட்டி முழுக்க நிரம்பித் தண்ணீர் அசையாமல் இருந்தது, நான் மதகோரக் குடிசைக்குள் தேநீர் போட்டுக்கொண்டிருந்தேன், அவள் கதவைத் தள்ளித் திறக்கும் மர உத்தரத்தின் மேல் வழுக்கியிருக்க வேண்டும், வெளியே வந்து பார்த்தபோது மிதந்துகொண்டிருந்தாள். குளிர்ந்த தண்ணீரில் விழுந்த அதிர்ச்சி என்றார் மருத்துவர். விபத்து என்று முடித்தார்கள். ஊரே வந்து அடக்கத்தில் நின்றது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பூ அனுப்பினார்கள்.

மேவிஸ் மட்டும் என் பக்கத்தில் வரவில்லை. வெரிட்டி இறந்த அன்றைக்கு அவள் கார் கால்வாய்ப் பாலத்தின் மேல் நின்றிருந்தது. மதகிலிருந்து கூப்பிடு தூரம். உள்ளே ரேடியோ போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காதபோதும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எபிசோடு ஒளிபரப்பானது. கென் தன் பப்பின் பின்னறையில் பெரிய டிவி வைத்து ஊரையே கூப்பிட்டிருந்தார். நானும் போனேன். போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள். கால்வாய் வந்தது, ஹெப்பிள் வந்தார், பிறகு நீலக் கோட்டில் வெரிட்டி வந்தாள். "இன்னிக்குத் தண்ணி என்னமோ நாறுது, இன்ஸ்பெக்டர்" என்றாள். மேவிஸின் காலடியில் படுத்திருந்த நாய் எழுந்து டிவியைப் பார்த்து வாலாட்டியது. இரண்டு மூன்று பேர் அழுதார்கள். மேவிஸ் அழவில்லை. அவள் டிவியைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முடிந்ததும் டெனிஸ்தான் ஆரம்பித்தார். "நடிப்பெல்லாம் சரி. ஆனா நிறைஞ்சு நிக்கற தொட்டியில ஒருத்திய தள்ளி விடறான், அவ ஒரு சத்தம் போடாம சாகறாளாம். அதுவும் நீச்சல் தெரிஞ்சவ. கதை எழுதினவன் தண்ணியையே பார்த்ததில்ல போல."

"டெனிஸ், வாய மூடுய்யா," என்றார் கென்.

டெனிஸ் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் முகம் அவர் கடை ஈரல் மாதிரி ஆகிவிட்டது. "மன்னிச்சிரு மால்கம். நான் நாடகத்தத்தான் சொன்னேன்."

"தெரியும்ப்பா," என்று அவருக்கு ஒரு பியர் வாங்கிக் கொடுத்தேன்.

"வெரிட்டிக்கும் நீச்சல் தெரியும்," என்றாள் மேவிஸ். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை.

மறுநாள் ஃபேஸ்புக்கில் எங்கள் ஊர்ப் பக்கத்தில், எபிசோடு எப்படி என்று யாரோ கேட்டிருந்தார்கள். கருத்துகள் குவிந்தன. எல்லாவற்றையும் படித்தேன். ஹெப்பிளின் தொப்பி நன்றாயில்லை என்று ஒருவர். பாதிரியாரின் தம்பிதான் கொலைகாரன் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டது என்று இன்னொருவர். ஆனால் பெரும்பாலும் வெரிட்டியைப் பற்றித்தான். "நம்ம வெரிட்டி ஹெப்பிளையே தூக்கிச் சாப்பிட்டுட்டா." "என்ன அழகா சிரிக்கறாங்க! இவங்க இப்படிச் சிரிப்பாங்கன்னே தெரியாது." "மால்கமும் அங்கதானே நின்னாரு? ஆளையே காணோமே." அதற்குப் பதினேழு பேர் சிரிப்புப் பொம்மை போட்டிருந்தார்கள். நான் கோபப்படவில்லை. மஞ்சள் சட்டை விஷயம் அவர்களுக்குத் தெரியாது.

பிறகு மேவிஸின் கருத்து வந்தது. அதை அப்படியே சொல்கிறேன். "எனக்கு இந்த எபிசோடு பிடிக்கல. பொய். அசையாத தண்ணியில ஒரு பொம்பள சத்தமே இல்லாம சாகமாட்டா. கத்துவா. பாலத்துல இருக்கறவளுக்குக் கேட்கும். கேட்டிருக்கணும். எனக்கு ஏன் கேட்கல?"

அதைப் படித்தபோது எனக்குப் பாவமாக இருந்தது. உண்மையாகச் சொல்கிறேன். குளிர்காலம் முழுவதும் இந்த ஒரு கேள்வியைத் தலையில் தூக்கிக்கொண்டு அலைந்திருக்கிறாள். அவளை எனக்குப் பிடிக்காது. ஆனாலும் தான் செய்யாத குற்றத்துக்கு ஒருத்தி வேதனைப்படுவதை நான் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அவளுடைய கருத்து தவறு, அந்தத் தவறைத் திருத்தினால் அவளுக்கு நிம்மதி கிடைக்கும். அதனால் எழுதினேன்.

"மேவிஸ், நீ உன்னையே நொந்துகொள்ளாதே. மேல்கதவின் பலகை இரண்டும் முழுதாகத் திறந்து தண்ணீர் கொட்டும்போது, பாலத்துக்கு மட்டுமில்லை, தொட்டியின் விளிம்பில் நிற்பவனுக்கே எதுவும் கேட்காது. வாய் அசைவதுதான் தெரியும்."

பிறகு அவள் கேட்டாள்: "நாடகத்துல பலகை மூடியிருந்தது, மால்கம். அன்னிக்கும் மூடித்தான் இருந்துச்சுன்னு நீதானே சொன்னே. யாரு வாய் அசையறத நீ பார்த்தே?"

என் கருத்தில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதைத் திருத்தினேன். கருத்தை அழிக்கவில்லை. சொன்னது சரியான விஷயம், அதை எதற்கு அழிக்க வேண்டும்? சாயங்காலம் நீங்கள் வந்து மணியடித்தீர்கள்.

சரி, அன்று நடந்ததைச் சொல்கிறேன். தொட்டி நிரம்பியிருக்கவில்லை. வடிந்து கிடந்தது. நான் உத்தரத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். வெரிட்டி பாலத்திலிருந்து தனியாக நடந்து வந்தாள். படப்பிடிப்பில் நடந்த மாதிரியே நிமிர்ந்து நடந்து வந்தாள்.

"மால்கம், நான் போறேன்."

"எங்கே? எப்ப வருவே?"

"வரமாட்டேன். சொல்லாம போகக்கூடாதுன்னுதான் வந்தேன்."

"வா, வீட்டுல போய்ப் பேசலாம்."

"வீட்டுல பேச எனக்குப் பயமா இருக்கு. கைய விடு."

அவள் கையைப் பிடித்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. விடு என்றாள், விட்டேன். அவள் தொட்டியின் விளிம்பில் நின்றிருந்தாள். விட்டதில் கொஞ்சம் வேகம் இருந்திருக்கலாம்.

உடனே மேலே வந்துவிட்டாள். நன்றாகவே நீந்துவாள். மேவிஸ் சொன்னது சரிதான். சுவர் வழுக்கும், ஆனால் கோடியில் இரும்பு ஏணி இருக்கிறது, அதை நோக்கித்தான் போனாள். மீட்புக் கயிறு என் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. கயிற்றை வீசினால் பிடித்து ஏறி நேரே பாலத்துக்குப் போய்விடுவாள். எனக்குத் தேவைப்பட்டது கொஞ்சம் அவகாசம். அவள் நின்று நான் சொல்வதைக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். தொட்டியில் தண்ணீர் ஏறினால் அவளும் கூடவே மெல்ல மேலே வந்துவிடுவாள் என்று தோன்றியது. படகு வருவதைப் போல. மேல்கதவுக்குப் போய் முதல் பலகையைத் தூக்கினேன். பிறகு இரண்டாவதையும் தூக்கினேன்.

ஆமாம், அப்படிச் செய்யக்கூடாது என்று எனக்குத் தெரியும். தொட்டிக்குள் ஆள் இருக்கும்போது பலகையைத் தூக்கினால் தண்ணீர் அவரைச் சுருட்டி அடியில் இழுத்துவிடும். கோடையில் வருகிற குழந்தைகளுக்கு முதல் பாடமே அதுதான். ஆனால் அது பொதுவான விதி. இது எங்கள் இருவருக்கும் இடையிலான விஷயம்.

தொட்டி நிரம்பியபின் பலகைகளை இறக்கினேன். தண்ணீர் அடங்கியது. குடிசைக்குப் போய்த் தேநீருக்கு அடுப்பை மூட்டினேன். உங்கள் ஆட்கள் வந்தபோது தண்ணீர் கொட்டவில்லை; அப்போது இல்லாத ஒன்றை எப்படி வாக்குமூலத்தில் எழுதுவது?

அவள் என்ன சொல்லிக் கத்தினாள் என்று கேட்கிறீர்கள். முன்பே எழுதியதுதான், காதில் எதுவும் விழவில்லை. உதடுகள் மூடித் திறந்ததைப் பார்த்தேன். ஒரே பெயரைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். பாலத்தின் மேல் மேவிஸ் இருந்ததால் அவளைத்தான் கூப்பிட்டிருப்பாள் என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு பெயருமே உதட்டை மூடித்தான் தொடங்குகின்றன. என் பெயர் முடியும்போது உதடு மறுபடியும் மூட வேண்டும், வெரிட்டியின் உதடு அப்படி மூடவில்லை என்பதும் உண்மை. வாய்க்குள் அவ்வளவு தண்ணீர் போகும்போது எப்படி மூடும்? என்னைத்தான் கூப்பிட்டாள். இல்லாவிட்டால் நான் கடைசிவரை அங்கேயே நின்றிருப்பேனா?