மூன்றே செகண்டில் அறுகிற லைன்

நோரா: …கிர்ருனு கத்துச்சு, புஸ்ஸுனு மூச்சு விட்டுச்சு, அப்புறம் செத்துப்போச்சு.

யூஜின்: எது மேடம் செத்துப்போச்சு?

நோரா: மோடம்தாங்க. மத்தியானத்துலேருந்து இந்த ஃபேக்டரில வேற யாரு கிர்ருங்கறாங்க? எங்க மேனேஜரத் தவிர.

யூஜின்: எத்தன செகண்டு நின்னுச்சு?

நோரா: மூணு.

யூஜின்: மூணா? சரியா எண்ணுனீங்களா?

நோரா: யூஜின் சார், நீங்க தொம்மலூர் ஹெட் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் இன்சார்ஜ். நான் அத்திபெலேல அட்டைப்பெட்டி ஃபேக்டரி கிளார்க்கு. அதுக்காக மூணு வரைக்கும் எண்ணத் தெரியாதா?

யூஜின்: அய்யோ, அதில்ல… நாப்பது வரைக்கும் போயிருக்கணும். அதான்…

நோரா: ஏன் நாப்பது?

யூஜின்: சும்மா. விடுங்க.

நோரா: திங்கக்கிழமைலேருந்து நாப்பது நாப்பதுன்னு என்னமோ முணுமுணுக்கறீங்க. கேட்டா விடுங்கறீங்க.

யூஜின்: எனக்கே தலை சுத்துது மேடம். இங்க இருக்கற கம்ப்யூட்டர் போன் போடணும், அங்க இருக்கறது எடுக்கணும், ரெண்டும் நேருக்கு நேரா பேசிக்கணும். அவ்ளோதான் விஷயம். எப்படிப் பேசணும்னு சொல்ல இங்க ஒரு ஆப்ஷன்ஸ் ஃபைலு, அங்க ஒரு ஆப்ஷன்ஸ் ஃபைலு. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா லைன் நிக்கும்.

நோரா: ஒத்துப்போகலியே.

யூஜின்: உங்க ஃபைல்ல என்ன இருக்கு? மறுபடி படிங்க.

நோரா: எட்டாவது தடவ. 'லாக்'… 'ஆத்'… 'சைலண்ட்'… இந்த சைலண்ட் எதுக்குங்க?

யூஜின்: எங்க பக்கம் முதல்ல பேசற வரைக்கும் உங்க பக்கம் வாயத் திறக்காது. காத்துட்டு இருக்கும்.

நோரா: எவ்ளோ நேரம்?

யூஜின்: எவ்ளோ நேரம்னாலும்.

நோரா: பேஜார் புடிச்ச ஆப்ஷன்.

யூஜின்: அதுல தப்பில்ல. அந்த 'ஆத்'லதான் எங்கயோ மாட்டுது. நான் உள்ள வர்றப்ப உங்க கம்ப்யூட்டர் பேரு கேக்கும், பாஸ்வேர்டு கேக்கும். நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, நீ யாருன்னே தெரியாதுன்னு கட் பண்ணிடுது.

நோரா: எங்க கம்ப்யூட்டரா? அது ரொம்ப மரியாதையானதாச்சே.

யூஜின்: வெளாடாதீங்க. பாஸ்வேர்டு நான் எழுதிக்குடுத்தபடியே இருக்குல்ல?

நோரா: எழுத்துக்கு எழுத்து.

யூஜின்: சின்ன எழுத்து, பெரிய எழுத்து…

நோரா: எல்லாம். உங்க கோழிக் கிறுக்கல இந்த உலகத்துல நான் ஒருத்திதான் படிக்க முடியும்.

யூஜின்: பேசாம 'ஆத்'த எடுத்துட்டு 'நோ ஆத்'னு போட்டுடுங்க. எதுவும் கேக்காம உள்ள விட்டுடும்.

நோரா: ஐயய்யோ, வேணாம்! பேரு கூட கேக்காம கதவத் திறக்கறதா? கண்டவன் உள்ள வந்து ஸ்டாக்க மாத்திட்டுப் போனா யாரு பதில் சொல்றது?

யூஜின்: அதுவும் சரிதான்… வைங்க, மறுபடி டயல் பண்றேன். சத்தம் வந்தா போன எடுக்காதீங்க.

நோரா: நேத்து ஒரு தடவதான் எடுத்தேன்.

யூஜின்: எடுத்து, மோடத்துக்கிட்ட 'ஹலோ, யாரு பேசறது'ன்னு கேட்டீங்க.

நோரா: நீங்களா இருக்குமோன்னுதான்…

யூஜின்: என்னது?

நோரா: வைக்கறேன்னு சொன்னேன்.

* * *

யூஜின்: ஹலோ? என்னாச்சு?

நோரா: மூணு.

யூஜின்: சே! ஸ்பீட கொறச்சுப் பாக்கலாமா?

நோரா: நேத்து கொறச்சோம். முந்தாநாள் ஏத்தினோம்.

யூஜின்: கம்ப்ரெஷன் எடுத்தமா?

நோரா: எடுத்தோம், போட்டோம், மறுபடி எடுத்தோம். இப்ப இருக்கா இல்லியான்னு எனக்கே தெரியல.

யூஜின்: எனக்கும் தெரியல… வயரு?

நோரா: வயர மாத்தியாச்சு, சாக்கெட்ட தொடச்சாச்சு. மோடம் முன்னாடி மெழுகுவத்தி ஏத்தாததுதான் பாக்கி.

யூஜின்: சிவாஜிநகர் மாதா கோயில்ல வேணும்னா நான் ஒண்ணு ஏத்திடறேன்.

நோரா: என்னன்னு வேண்டிக்குவீங்க? லைன் வரணும்னா?

யூஜின்: …பின்ன?

நோரா: சரி. அப்படியே வேண்டிக்குங்க.

பத்ரிநாத்: ஏனப்பா யூஜின், ஆய்த்தா?

யூஜின்: ஆயிட்டே இருக்கு சார்.

பத்ரிநாத்: திங்கக்கிழமைலேருந்து ஆயிட்டே இருக்கு. இன்னிக்கு வெள்ளி. நாளைக்குக் காலைல ஐதராபாத் பார்ட்டி வந்து, 'அத்திபெலே ஸ்டாக்க இங்கயே ஸ்கிரீன்ல காட்டுங்க'ம்பான். இந்த முதலாளி என்னத்தக் காட்டறது? பிளாப்பியவா?

யூஜின்: பிளாப்பிலதானே சார் ரெண்டு வருஷமா…

பத்ரிநாத்: அதத்தான் சொல்றேன். ரெண்டாயிரமே பொறக்கப் போவுது. அந்தப் பொண்ணு இன்னும் பிளாப்பியத் தூக்கிக்கிட்டு மடிவாளால பஸ் மாறி வருது, குடுக்குது, மறுபடி பஸ் மாறிப் போவுது. பாதி நாள் அதுலயே போயிடுது. லைன் வந்துட்டா நாளைலேருந்து அது இங்க வர வேண்டிய அவசியமே இல்ல.

யூஜின்: …ஆமா சார்.

பத்ரிநாத்: என்னப்பா இழுக்கற?

யூஜின்: ஒண்ணுமில்ல சார்.

பத்ரிநாத்: குடு அந்த போன. ஏம்மா நோரா, உன் பக்கம் எல்லாம் கரெக்டா இருக்கா?

நோரா: இருக்கு சார்.

பத்ரிநாத்: இவன் எழுதிக்குடுத்தபடியே?

நோரா: …ஆமா சார்.

பத்ரிநாத்: கேட்டியா யூஜின்? அப்ப தப்பு உன் பக்கம்தான். மணி இப்ப மூணேகால். நாலு மணிக்கு நான் காபி குடிச்சுட்டு வர்றப்ப ஸ்கிரீன்ல ஸ்டாக் தெரியணும். இல்லேன்னா வெளி கம்பெனி ஆளக் கூப்பிட்டுடுவேன். அவன் வந்தா நீ உக்காந்திருக்கற சேரும் அவனுக்குத்தான். மோடம் சங்கீதம் கேக்கறதுக்கு நான் ஆள் வெச்சுக்கல.

யூஜின்: சரி சார்.

பத்ரிநாத்: நாலு மணி. இந்தா போன்.

நோரா: யூஜின் சார்… போயிட்டாரா?

யூஜின்: போயிட்டாரு.

நோரா: சேருன்னா… வேலையே போயிடுமா?

யூஜின்: சொன்னா செய்யற மனுஷன். அல்சூர்ல எங்க வீட்ல நான் ஒருத்தன்தான் வேலைக்குப் போறேன்னு அவருக்கும் தெரியும். தெரிஞ்சேதான் சொல்றாரு. ஒரு நிமிஷம் இருங்க. இங்க ஒரு வரிய அழிக்கணும்… ஆச்சு. வைங்க, டயல் பண்றேன். இந்தத் தடவ கட்டாயம் நிக்கும்.

நோரா: எப்படி அவ்ளோ நிச்சயமா சொல்றீங்க?

யூஜின்: நின்னா சொல்றேன். வைங்க.

* * *

நோரா: மூணு.

யூஜின்: இல்ல. இருக்கவே முடியாது.

நோரா: மூணுதாங்க…

யூஜின்: எனக்குப் பைத்தியம் புடிச்சுடும் மேடம். வெக்கத்த விட்டுச் சொல்லிடறேன். என் ஃபைல்ல 'மேக்ஸ்கனெக்ட் நாப்பது'ன்னு ஒரு வரி இருந்துச்சு. லைன் வந்து நாப்பது செகண்டு ஆனதும் தானாவே அறுத்துடற ஆப்ஷன்.

நோரா: அத யாரு போட்டது?

யூஜின்: நான்தான்.

நோரா: தெரியாமலா?

யூஜின்: தெரிஞ்சேதான். புஸ்தகத்துல தேடிப் புடிச்சுப் போட்டேன்.

நோரா: எதுக்கு?

யூஜின்: எதுக்குன்னா… சார் சொன்னதக் கேட்டீங்கல்ல? லைன் வந்துட்டா நீங்க வர மாட்டீங்க. தினம் பதினொன்னே காலுக்கு படியேறி வருவீங்க. பதினொன்னரைக்குப் போயிடுவீங்க. எனக்கு ஒரு நாள்னா அந்தக் கால் மணி நேரம்தான். அதுவும் போயிடுமேன்னு பயந்துட்டேன். தப்புதான். திட்டணும்னா திட்டிடுங்க.

நோரா: நான் ஒண்ணும் திட்டல…

யூஜின்: ஆனா இப்ப அத அழிச்சுட்டேன், சத்தியமா அழிச்சுட்டேன். அது இருந்தப்பவும் மூணு செகண்டு, எடுத்த பிறகும் மூணு செகண்டு! நான் கெடுத்தும் கெடல, சரி பண்ணியும் சரியாகல. என்ன நடக்குதுன்னே புரியல.

நோரா: யூஜின் சார்…

யூஜின்: சொல்லுங்க.

நோரா: அந்தப் பாஸ்வேர்டுல…

யூஜின்: எழுத்துக்கு எழுத்து சரின்னீங்களே.

நோரா: கடைசி எழுத்து இல்ல.

யூஜின்: விட்டுப்போச்சா?

நோரா: விட்டுப்போகல. அழிச்சேன். திங்கக்கிழமையே.

யூஜின்: …நீங்களா?

நோரா: பதினொன்னே கால் உங்களுக்கு மட்டும்தானா?

யூஜின்: அப்ப அஞ்சு நாளா… நான் இந்தப் பக்கம் அறுக்கக் காத்திருக்கேன், நீங்க அந்தப் பக்கம் கதவையே சாத்திட்டீங்க. அதான் என் நாப்பது வரவே இல்ல!

நோரா: சிரிக்காதீங்க. சார் கேக்கறப்ப பொய் சொல்லிட்டேன். என்னால உங்க சேர் போயிருக்கும். இதோ, அந்த எழுத்தப் போட்டுட்டேன். சேவும் பண்ணிட்டேன். டயல் பண்ணுங்க.

யூஜின்: இருங்க நோரா.

நோரா: மேடம் எங்க போச்சு?

யூஜின்: தொலைஞ்சு போச்சு. வைக்காதீங்க. லைன் நின்னுட்டா இந்த போனும் போச்சு. காலைலேருந்து சாயந்திரம் வரைக்கும் இதுல கம்ப்யூட்டர்தான் பேசும். உங்க குரலக் கூட கேக்க முடியாது.

நோரா: மணி என்ன?

யூஜின்: நாலாக எட்டு நிமிஷம் இருக்கு.

நோரா: அப்ப சீக்கிரம் பேசுங்க.

யூஜின்: இன்னொண்ணும் இருக்கு… 'பிளாப்பி படிக்க மாட்டேங்குது, உக்காருங்க பாக்கறேன்'னு போன மாசம் மூணு தடவ உங்கள உக்கார வெச்சேன்ல? ஒண்ணும் கெட்டுப்போகல. முதல் தடவையே படிச்சுடுச்சு.

நோரா: தெரியும்.

யூஜின்: தெரியுமா?

நோரா: உங்க முதுகுக்குப் பின்னாடிதானே உக்காந்திருந்தேன். ஸ்கிரீன்ல எல்லா ஃபைலும் வரிசையா வந்து நின்னுச்சு. நீங்க உச்சுக் கொட்டிட்டே இருந்தீங்க.

யூஜின்: அப்ப ஏன் கேக்கல?

நோரா: கேட்டா எழுந்து போகணுமே.

யூஜின்: …இப்ப என்ன பண்றது நோரா? நாளைலேருந்து பிளாப்பியே இல்ல. என்ன சொல்லிட்டு இங்க வருவீங்க?

நோரா: பிளாப்பிக்கு நான் எதுக்குங்க? எங்க ஃபேக்டரி வேன் தினம் காலைல லோடு ஏத்திக்கிட்டு உங்க ஆபீஸ் வாசலுக்குத்தான் வருது. டிரைவர் கையில குடுத்தா போதும். வேன் சூட்டுல பிளாப்பி கெட்டுடும்னு எங்க மேனேஜர நம்ப வெச்சு, ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அத வாங்கி என் பையில போட்டுக்கிட்டவளுக்கு இன்னொரு சாக்கு கெடைக்காதா? வைங்க, டயல் பண்ணுங்க.