காற்றுக்குழாய்

மின்விசிறியைக் கொஞ்சம் நிறுத்தலாமா, இன்ஸ்பெக்டர் சார்? அந்தச் சத்தத்தில் எனக்குப் பேச்சு ஓடவில்லை.

மாரிசெல்வி புகார் கொடுத்ததில் எனக்குக் கோபம் இல்லை. புருஷனைக் காணோம் என்றால் யாராயிருந்தாலும் கொடுப்பார்கள். அவள் புருஷன் முனியராஜை வெம்பக்கோட்டையிலிருந்து ஆப்பிரிக்காவுக்கு அழைத்துப்போனது நான்தான். எங்கள் கட்டுமானக் கம்பெனி வெளிநாட்டில் எடுத்த முதல் வேலை அது. மலையைக் குடைந்து ரயில் பாதை. பாறைக்கு வெடி வைக்க, மருந்தோடு பழகிய ஆள் வேண்டும். பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்கள் பதறமாட்டார்கள். நானும் சாத்தூர்க்காரன், எனக்குத் தெரியும்.

முதல் வேலையில் ஒரு கம்பெனி லாபம் பார்க்காது, பேரைத்தான் பார்க்கும். அந்தப் பேரை வைத்துத்தான் அடுத்த நாட்டுக்குள் நுழைய முடியும். பக்கத்து நாட்டு அதிகாரிகள் எங்கள் வேலையைப் பார்வையிட வரவிருந்த நேரத்தில் சுரங்கம் சரிந்தது. வெடிக்காத மருந்தைப் பார்க்க முனியராஜ் தனியாக உள்ளே போயிருந்தான். காற்று போகும் இரும்புக்குழாய் மட்டும் நசுங்கவில்லை. அதில் காதை வைத்தேன்.

"உசுரோடதான் இருக்கேன். அங்கன யாரு இருக்கீக?"

"நான்தாம்லே, ஜெயசுந்தர். பொறுத்துக்க, ஆள் வருது."

"சரிங்க சார்" என்றான். நிம்மதியான குரல்.

மீட்புப் படையைக் கூப்பிட்டால் செய்தி வெளியே போகும், வேலை நிற்கும். உள்ளே ஆள் இல்லை என்று அந்த ஊர் அதிகாரியிடம் சொன்னேன். சரிவை இறுக்கக் கான்கிரீட் பம்பை வரவழைத்தேன். அதை அந்தக் காற்றுக்குழாயில் மாட்டும்போது உள்ளிருந்து கேட்டான்:

"குழாயில என்னமோ பண்ணுறீக போல. தண்ணி அனுப்புறீகளா சார்?"

"ஆமாலே" என்றேன்.

பம்ப் ஓடிய பிறகு எதுவும் கேட்கவில்லை.

இப்போது வீட்டில் நான் குழாயைத் திறப்பதில்லை. திறந்தால், தண்ணீர் வருவதற்கு முன் காற்று வருகிறதே, அதில் "சார்" என்கிறான். என் மனைவி ஜெஸ்லின்தான் வாளியில் பிடித்து வைக்கிறாள். ஏன் என்று அவள் கேட்டதில்லை.

முகாமை விட்டு ஓடிப்போனான் என்று மாரிசெல்வியிடம் சொன்னேன். "அவுக அப்படி ஓடுற ஆளு இல்ல சார்" என்று மட்டும் சொன்னாள். முனியராஜின் தம்பி காளீஸ்வரன், அண்ணனைத் தேடிப் போகவேண்டும் என்று வாசலில் வந்து நின்றான். பக்கத்து நாட்டு வேலையும் எங்களுக்கே கிடைத்திருந்தது. அங்கேயும் மலையைத்தான் குடைய வேண்டும். போன மாதம் அவனை அங்கே அனுப்பி வைத்தேன்.

அந்தக் குடும்பத்தை நான் கைவிட்டதில்லை, சார்.