கால்வாசி

— பாதி இல்லம்மா, கால்வாசி. இருபத்தாறு சதவீதம்னு போட்டிருக்கு. மூணு தடவை பார்த்துட்டேன்.

— என்னமோ போ. காலோ அரையோ, முதல்ல அந்த மெத்தையில இருக்கிற காத்தை எறக்கு. காலையில கட்டிலை எடுத்துட்டுப் போக ஆள் வருது. வாடகைக்கு எடுத்த சாமான், சுத்தமாத் திருப்பித் தரணும்.

— அம்மா, ஒரு நிமிஷம் உக்காரு. அந்தப் போர்வையைக் கீழ வை.

— உக்காந்தா எந்திரிக்க முடியாது பாப்பா. நீ சொல்லு, காது இங்கதான் இருக்கு.

— அப்பா வாயில பஞ்சுக் குச்சி வச்சு எச்சில் எடுத்து டி.என்.ஏ. டெஸ்டுக்கு அனுப்பினேன்ல, அதுக்கு இன்னைக்கு ரிசல்ட் வந்துச்சு. கடையில ஒருத்தருக்கு பேன்ட் அளவு எடுத்துட்டு இருக்கேன், போன்ல வந்து விழுது. டேப்பை அவர் இடுப்புலயே விட்டுட்டு உள்ள போயிட்டேன்.

— செத்து ஒரு மாசம் ஆன மனுஷனுக்கு ரிசல்ட்டு! என்னவாம், பாஸா பெயிலா?

— அந்த டெஸ்டுல எனக்கு ஒத்துப் போன பொண்ணு அப்பாவோட மகள் இல்லம்மா.

— ம்.

— என்ன, ம்? காதுல விழுந்துச்சா இல்லையா?

— விழுந்துச்சு. ரெண்டு மாசமா மகள், மகள்னு குதிச்சதும் நீதான். இப்ப இல்லைங்கிறதும் நீதான். நான் என்னத்தைச் சொல்ல?

— நான் தையல்காரி, எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன் கேளு. அப்பாகிட்ட இருந்து பாதித் துணி, அம்மாகிட்ட இருந்து பாதித் துணி. ரெண்டையும் ஒட்டுப் போட்டுத் தைச்சதுதான் பிள்ளை. அதனால பெத்தவங்க கூட பிள்ளைக்குப் பாதி ஒத்துப் போயே ஆகணும். அந்தப் பிள்ளைக்கு ஒரு பிள்ளை பொறந்தா, தன்கிட்ட இருக்கிறதுல பாதியைத்தான் வெட்டிக் கொடுக்கும். அப்ப தாத்தாவோட துணி பேத்திகிட்ட எவ்வளவு இருக்கும்?

— கணக்கு எனக்கு வராதுன்னு உனக்குத் தெரியும்.

— கால்வாசிம்மா. அவ அப்பாவோட பேத்தி.

— மிஷின் தப்பாச் சொல்லியிருக்கும். போன தடவை உன் சர்க்கரையை அந்த மிஷின் நானூறுன்னு காட்டலையா?

— இது அந்த மாதிரி மிஷின் இல்ல.

— உங்க பெரியப்பா வழியில ஏதாவது இருக்கும். அவர் ஊர் ஊராச் சுத்தின ஆளு.

— பெரியப்பா மகளா இருந்தா எனக்கும் அவளுக்கும் எட்டுல ஒரு பங்குதான் ஒத்துப் போகும். எங்களுக்கு இருபத்துநாலு. அதாலதான் முதல்ல நான் ஏமாந்தேன். அப்பா ஒண்ணு, அம்மா வேறன்னு பொறந்த அக்கா தங்கச்சிக்கும் கால்வாசிதான் வரும். அத்தைக்கும் கூடப் பொறந்தவன் பொண்ணுக்கும் கால்வாசிதான் வரும். நம்பர் ரெண்டுக்கும் ஒண்ணுதான். நான் அத்தையா இருக்கலாம்னு எனக்குத் தோணவே இல்லம்மா. அண்ணனுக்குத்தான் கல்யாணமே ஆகலையே. லைன்மேன் அவன், கரண்ட் கம்பத்துல இருந்து விழுந்து செத்தப்ப இருபத்துமூணு வயசு.

— அவனை இழுக்காதே.

— இழுக்காம எப்படிம்மா? அப்பாவுக்கு நான் ஒருத்தி, அவன் ஒருத்தன். அவ எனக்குப் பொறக்கல. வேற யாருக்குப் பொறந்திருப்பா? இருபத்தாறு வயசு ஆகுது அவளுக்கு. அண்ணன் போய் அஞ்சு மாசம் கழிச்சுப் பொறந்திருக்கா. அண்ணனோட பொண்ணும்மா. நம்ம அண்ணனோட பொண்ணு! நீ ஏன் அழக்கூட மாட்டேங்கிற?

— அழுகைக்கு என்ன, வர்றப்ப வரும். அந்தக் குழாயை எல்லாம் ஒரு பையில போடு.

— நான் அப்பாவைப் பேசின பேச்சை நினைச்சா எனக்கே பொறுக்கல.

— விடு பாப்பா.

— எப்படி விடறது? இந்த ரூம்லதான், இந்தக் கட்டில் பக்கத்துல நின்னுதானே கத்தினேன். "வருஷா வருஷம் அவ பொறந்தநாளுக்கு ஸ்கூல் வாசல்ல போய் நின்னீங்களாமே, டிரைவர் யூனிபார்மோட, கையில பேனா டப்பாவோட? எனக்கு ஒரு பொறந்தநாளாவது ஞாபகம் இருந்துச்சா உங்களுக்கு?"ன்னு கேட்டேன். வாய் வராத மனுஷன், பக்கவாதம் வந்து நாலு வருஷமா படுக்கை. பதில் சொல்ல முடியாதுன்னு தெரிஞ்சே கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. "நடிக்காதீங்க"ன்னேன்.

— கோபத்துல எல்லாரும்தான் பேசுவாங்க.

— கன்னத்தைப் பிடிச்சு அழுத்தி வாயைத் திறந்தேம்மா. பஞ்சுக் குச்சிய உள்ள விட்டு, கடமைக்கு அரை நிமிஷம் தேய்ச்சேன். ஒரு கேஸ்ல சாட்சி எடுக்கிற மாதிரி. அதுக்கப்புறம் இந்த வாசப்படியே மிதிக்கல. பதினேழு நாள். அப்புறம் நீ போன் பண்ணினே.

— வந்தியே. தூக்குறதுக்கு முன்னாடி வந்துட்டியே.

— வந்து? தள்ளித்தானே நின்னேன். உன் கையைத்தான் பிடிச்சேன், அவர் கையைத் தொடல. "இத்தனை வருஷம் நீ எப்படித் தாங்கினேம்மா இந்த ஆளோட"ன்னு உன்கிட்ட கேட்டேன். நீ கூட ஒண்ணும் பேசல.

— பேசல.

— உனக்கும் தெரியாது, பாவம். அவர் உன்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ என்னைத் தடுத்திருப்பே. இது எதுவுமே நடந்திருக்காது.

— தண்ணி குடிக்கிறியா?

— வேண்டாம். எனக்கு ஒண்ணுதான் புரியல. அப்பாவுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? அண்ணன் சொல்லியிருப்பானோ? அப்படித் தெரிஞ்சிருந்தா வீட்டுக்குக் கூட்டிட்டு வராம, ஏன் திருடன் மாதிரி போய்ப் பார்த்துட்டு வரணும்?

— அந்தப் பொண்ணுகிட்ட சொல்லிட்டியா, இந்தக் கால்வாசியை?

— மத்தியானமே சொல்லிட்டேன். அவளுக்கும் வந்திருக்கும்ல. பல் ஆஸ்பத்திரியில வேலை, மாஸ்க்குக்குள்ளயே அழுதுட்டு நின்னாளாம். அவ அம்மா இருக்கிறப்பவே சொல்லியிருக்காங்க, "உங்கப்பா செத்துட்டார், வர்றவர் தெரிஞ்சவர்"னு. இவ நம்பல. டிரைவர்தான் அப்பா, அம்மா மறைக்கிறாங்கன்னே வளர்ந்திருக்கா. அவங்க போன வருஷம் தவறிட்டாங்க. அப்புறம்தான் இந்த டெஸ்டுக்கே போயிருக்கா.

— போயிட்டாளா அவ? அய்யோ. சின்னப் பொண்ணாச்சே. முடி இவ்வளவு நீளம் இருக்கும்.

— யாருக்கு?

— யாருக்கோ. நீ படி, என்ன எழுதியிருக்கா?

— இல்ல, நான் உனக்கு அவ போட்டோதானே காட்டினேன். அவளுக்கு முடி வெட்டிதானே இருக்கும்.

— படின்னா படியேன்.

— சரி, படிக்கிறேன். "அத்தை"ன்னு ஆரம்பிச்சிருக்காம்மா. முதல் தடவையா. "அத்தை, அம்மா சொன்னது எல்லாம் உண்மைன்னு இப்பதான் தெரியுது. கடைசியா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ஒண்ணு சொன்னாங்க. உன் அப்பாவைப் பெத்த அம்மாவுக்கு உன்னைப் பத்தி எதுவும் தெரியாது. தெரிஞ்சிருந்தா உன்னை மடியை விட்டு எறக்கியிருக்க மாட்டாங்க. அதனால அவங்க மேல கோபமே படாதேன்னு. அத்தை, ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா? அவங்களை நான் பாட்டின்னு கூப்பிடலாமா?" அவ்வளவுதான்.

— மடியை விட்டு எறக்கியிருக்க மாட்டேன்னா சொன்னா?

— ஆமா. எப்படிப்பட்ட மனுஷி பாரு. உன்னை ஒரு தடவை கூடப் பார்த்ததில்ல, உனக்காகப் பேசியிருக்காங்க. நான் பதில் எழுதிடறேன். "உங்கம்மா சொன்னது நிஜம், பாட்டிக்கு எதுவும் தெரியாது, கிளம்பி வா"ன்னு.

— எழுதாதே.

— ஏம்மா?

— போனைக் கீழ வை. நான் உக்காந்துக்கறேன்.

— என்னம்மா, மயக்கம் வருதா?

— வரல. பாப்பா, அவ வந்தா. இங்க, இந்த வீட்டுக்கு. உங்கண்ணன் போய் ஒரு மாசம் கூட ஆகல. நீ ஹாஸ்டலுக்குத் திரும்பிப் போயிட்டே. கதவைத் திறந்தது நான்தான்.

— யாரு? எந்த அவ?

— போட்டோ ஸ்டுடியோவுல வேலை பார்த்தவ. முடி நீளமா, வயிறு லேசாத் தெரிஞ்சுச்சு. ஒரு கவர்ல உங்கண்ணன் போட்டோ நாலு கொண்டு வந்தா. பேசறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. அன்னைக்கு லீவுதான் அவனுக்கு. ஸ்டுடியோ தெருவுல கரண்ட் போச்சுன்னு தானா ஓடிப் போய்க் கம்பத்துல ஏறினான். ஏன் ஏறினான்னு அதுவரைக்கும் மண்டையை உடைச்சுட்டு இருந்தேன். வாசல்ல வந்து நிக்குது பதில்.

— அம்மா...

— "என் பிள்ளையைத் தின்னுட்டு எவன் பிள்ளையைத் தூக்கிட்டு வந்தே"ன்னு கேட்டேன். அவ போட்டோவை மட்டும் படிக்கட்டுல வச்சுட்டுப் போனா. உங்கப்பா டியூட்டி முடிஞ்சு வர்றார், எதிர்ல அவ இறங்கிப் போறா. யாருன்னு கேட்டார். ஏதோ விக்க வந்த பொண்ணுன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அதைப் பத்தி அவர் என்கிட்ட கேட்கவே இல்ல. நானும் சொல்லல. தேடிப் போயிருக்கார்னு நீ சொல்லித்தான் எனக்கே தெரியும். என்கிட்ட ஏன் மறைச்சார்? மறுபடியும் விரட்டிடுவேன்னு பயந்துட்டார் போல.

— அப்ப, நான் இந்த ரூம்ல நின்னு கத்தினப்ப...

— தெரியும்.

— அவர் அழுதப்ப? நீ பக்கத்துல உக்காந்து அவர் வாயைத் துடைச்சுட்டு இருந்தியேம்மா!

— இருந்தேன். என்னைப் பார்த்தார். நான் துண்டை மடிச்சேன்.

— ஏம்மா? ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

— நீ என் கையைப் பிடிச்சியே. "எப்படித் தாங்கினேம்மா"ன்னு. அவன் போனதுல இருந்து யாரும் என் கையை அப்படிப் பிடிச்சதில்ல பாப்பா. நாளைக்குச் சொல்லிக்கலாம், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அவர் முந்திக்கிட்டார்.

— என்னால உன்னைப் பார்க்க முடியலம்மா.

— பார்க்காதே. அந்த மெத்தையைப் பார்த்துக்கிட்டே கேளு.

— போன் அடிச்சுட்டே இருக்கு. "அத்தை, இருக்கீங்களா?"ன்னு கேட்கிறா. நான் என்னன்னு எழுதறது?

— எனக்குத் தெரியும்னு எழுது. வாசல்ல வச்சு விரட்டினவ நான்தான்னு எழுது. அதைப் படிச்சுட்டும் பாட்டின்னு கூப்பிட அவளுக்கு வாய் வந்தா, கூப்பிடட்டும்.