பெட்ரூமிலிருந்து செட்டிகுளம்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். எனக்கு முன் சீட்டில் ஒரு கணவன், மனைவி, மடியில் அர்ச்சனைக் கூடை.

"மகளுக்கு வேலை கெடைச்சா செட்டிகுளம் முருகனுக்குச் சைக்கிள்ல வரேன்னு வேண்டுனீங்க. இப்ப பஸ்ல போறோமே?"

"சைக்கிள்லதான் நேத்தே போயிட்டேனே."

"பெட்ரூம்ல ஸ்டாண்டுல மாட்டி மிதிச்சீங்க. சைக்கிள் ஒரு அடி நவுரல."

"ஃபோன்ல இந்த சைக்கிள் ஆப்பைப் பாரு. நம்ம வூட்டுலேருந்து மலையடிவாரம் வரைக்கும் கோடு போட்டிருக்கு. மேடு வந்தா பெடல் கனக்கும், தெரியுமா? பெரம்பலூர்ல நின்னு டீகூட குடிச்சேன்."

"டீ நான் போட்டது."

"பெரம்பலூர் வந்தப்பதான குடுத்த?"

அந்த அம்மா ஃபோனை வாங்கி, கோட்டின் மேல் விரலை மெல்ல நகர்த்திப் பார்த்தார்.

"சரி, போயிருக்கீங்க. கால்ல என்ன போட்டிருந்தீங்க?"

"பெடல்ல பூட்டிக்கிற ஷூ."

"அய்யய்யோ, செருப்புக் காலோடயா வேண்டுதல் செஞ்சீங்க? புள்ள வேலைக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

பெரம்பலூரில் இருவரும் இறங்கி, செட்டிகுளம் பஸ்ஸுக்குப் போகாமல், எதிரே புறப்படத் தயாராக நின்ற அரியலூர் பஸ்ஸை நோக்கி விரைந்தார்கள்.

"வெறுங்காலோடயே மிதிச்சுடறேன்" என்றார் கணவர். "பெரம்பலூர் வந்ததும் சொல்றேன். இந்தத் தடவை டீ வேணாம், மோர் குடு."