காசு போட்டால் பாடுகிற பெட்டி

டவுண் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்டாட்டியும். வீட்டுக்குப் பழைய பாட்டுப் பெட்டி ஒன்று எடுக்கப் போகிறார்கள்.

"பித்தானை அமுக்குனா பாடுதத எடுப்போம். காசு போட்டா பாடுதது வேண்டாம்," என்றாள் அவள்.

"ஏம்ட்டி? காசு விழுந்து பாடுனாத்தான அழகு."

"உங்க அம்மை உண்டியல்னு நெனச்சிருவாவ. திருநீறு பூசி, மாலை போட்டு, காசையும் போடுவாவ. உள்ளருந்து குத்துப்பாட்டு வரும்."

"வந்தா?"

"அருள் வந்து ஆடுவாவ."

அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"அம்மை ஆடி நான் பாத்ததே இல்லட்டி," என்றான்.

அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

"சரி, காசு போடுததயே எடுங்க. உண்டியல் சாவி மட்டும் எங்கிட்ட இருக்கட்டும்."