கேட்டில் அணையாத எஞ்சின்

அசார் — அழிச்சிடுன்னா அழிச்சிடு ஷபீனா, அதுல இருக்கிற எல்லாத்தையும்...

ஷபீனா — முதல்ல மவுஸ்ல இருந்து கையெடுங்க.

அசார் — கார் ஓடறதெல்லாம் பதிவு பண்ற அந்தப் பெட்டிய ஸ்டீயரிங்குக்குக் கீழ சொருகினப்பவே சொன்னேன், வேலையத்த வேலைன்னு...

ஷபீனா — அப்படியா? ரிச்சி தெருவுல பொறுக்கின எலக்ட்ரானிக் சாமான வெச்சே என் பொண்டாட்டி காரப் பேச வெச்சிட்டான்னு கடையில பீத்திக்கினு இருந்தது யாரு?

அசார் — அப்ப பேசிச்சு. இப்ப வாய மூடட்டும்.

ஷபீனா — மணி மூணேகால். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வந்ததும் நம்ம டிரைவர் தசரதன் அண்ணன் கையெழுத்துப் போட்டுடுவாரு, மீன்காரம்மா மேல கார ஏத்தினது நான்தான்னு. லைசென்ஸ் போச்சுன்னா அவருக்கு வேற என்ன தொழில் தெரியும்?

அசார் — ஓட்டின டிரைவரே ஒத்துக்கறாரு. நடுவுல உனக்கென்ன?

ஷபீனா — இதப் பாருங்க. நேத்து காலைல பத்தேகால், பெருங்களத்தூர் ரயில்வே கேட். ஒன்பது நிமிஷம் வேகம் பூஜ்யம்.

அசார் — கேட் போட்டா நிக்காம? மேல பறந்தா போவாங்க?

ஷபீனா — நின்னது சரி. ஒன்பது நிமிஷமும் எஞ்சின் அணையாம நிமிஷத்துக்கு எண்ணூறு சுத்து சுத்திக்கினே இருக்கு.

அசார் — வெயிலு... ஏசி போட்டிருப்பாரு.

ஷபீனா — தசரதன் அண்ணனா? கேட்டப் பார்த்ததும் சாவியத் திருப்பிட்டு, இறங்கிக் கொய்யா வாங்கற மனுஷன். எனக்குப் பிரசவ வலி எடுத்தப்பவே கேட்ல எஞ்சின அணைச்சவரு. அன்னிக்கு நீங்க திட்டின திட்டு மறந்துட்டீங்களா?

அசார் — ஒரு நாள் அணைக்க மறந்திருப்பாரு.

ஷபீனா — பெட்டி மாட்டினதுல இருந்து நாப்பத்தோரு தடவ கேட்ல நின்னிருக்கு. நாப்பது தடவ அணைஞ்சிருக்கு.

அசார் — சரி... நான்தான் ஓட்டினேன். போதுமா? ஸ்டேஷனுக்கு நானே போறேன். நீ இத அழி.

ஷபீனா — நீங்களா?

அசார் — ஆமா.

ஷபீனா — கேட் தாண்டி மார்க்கெட் வரைக்கும் வேகம் இருபத்தஞ்சுக்கு மேல ஏறல. அந்த வேகத்துக்கு எஞ்சின் சுத்து ரொம்ப ஜாஸ்தி. முழு வழியும் ரெண்டாவது கியர். ஜி.எஸ்.டி. ரோட்ல ரெண்டாவது கியர்ல உருட்டற ஆளா நீங்க?

அசார் — டிராஃபிக் இருந்துதுடி...

ஷபீனா — கடைசி வரியப் படிங்க. இருபத்திரண்டு, இருபத்திரண்டு, இருபத்திரண்டு... அப்புறம் பூஜ்யம். நடுவுல குறையவே இல்ல. எதிர்ல ஆள் நிக்கறது தெரிஞ்சிருந்தா கால் தானா பிரேக்குக்குப் போயிருக்கும்.

அசார் — மெதுவாப் பேசு. உள்ள அத்தா இருக்காரு.

ஷபீனா — மாமா லுஹர் தொழுது ரெண்டு மணி நேரமாச்சு. இன்னும் முசல்லா விரிப்ப விட்டு எழுந்திருக்கல.

அசார் — இரு, கதவச் சாத்திட்டு வரேன்.

ஷபீனா — சொல்லுங்க.

அசார் — எழுபத்தோரு வயசு ஷபீனா. ரெண்டு கண்ணுலயும் புரை. ஆபரேஷன் முடியாம வண்டியத் தொடக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே குடுத்திருக்காரு. ஓட்டினது என்னப் பெத்தவர்னு தெரிஞ்சா அவரத்தான் உள்ள உக்கார வெப்பாங்க.

ஷபீனா — அதனால தசரதன் அண்ணன் உக்காரணுமா?

அசார் — நான் கேக்கல. சத்தம் கேட்டு மார்க்கெட் டீக்கடையில இருந்து ஓடி வந்தவரு, கூட்டம் சேர்றதுக்குள்ள அத்தாவ ஆட்டோல ஏத்தி அனுப்பிட்டு, நான்தான் ஓட்டினேன்னு நின்னுட்டாரு. நான்... வாய மூடிக்கினு இருந்துட்டேன்.

ஷபீனா — அந்தம்மா எப்படி இருக்காங்க?

அசார் — பொன்னிக்கு ரெண்டு இடத்துல கால் முறிஞ்சிருக்கு. காலைல ஆஸ்பத்திரிக்குப் போனேன். புருஷன் பாலகுரு, ஒரு ஹாரன் கூட அடிக்கலியே ஏன் சார்னு மட்டும்தான் கேட்டாரு. நான் என்னத்தச் சொல்ல?

ஷபீனா — உள்ளதச் சொல்லணும். இந்தக் கணக்க எடுத்துக்கினு மாமாவும் நீங்களும் இப்பவே ஸ்டேஷனுக்குப் போங்க.

அசார் — போறேன். ஆனா ஒண்ணுதான் புரியல. அத்தா கையில மாட்டக் கூடாதுன்னு சாவிய நான் அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வெச்சிருந்தேன். கண்ணு தெரியாத மனுஷனுக்கு அது எப்படிக் கிடைச்சுது?

ஷபீனா — நேத்து காலைல பெட்டிக்குப் புது புரோகிராம் ஏத்தியிருந்தேங்க... கார் ஒரு ரவுண்டு ஓடினாத்தான் சரியா பதியுதான்னு தெரியும். தசரதன் அண்ணன் வர லேட்டாச்சு. மார்க்கெட் வரைக்கும்தானேம்மா, நான் போயிட்டு வரேன்னாரு மாமா... டின்னுக்குப் பின்னால கைய விட்டு சாவிய எடுத்துக் குடுத்தது நான்தான்.